ஓசூர்க் குளிரா, தருமபுரி வெயிலா? குடிவருமுன் முடிவெடுக்கும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை, பள்ளிக்கூடம், பஸ் வசதி. அந்த ஊரின் வெயிலும் குளிரும் நமக்கு ஒத்துவருமா என்று கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு அது முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகப் படுகிறது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி தூக்கம் வரவில்லை, குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்றால் எந்த வீடும் பிடிக்காமல் போய்விடும்.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் குளிர்ச்சியான ஊரும் கிடைக்கும், வெயில் ஊரும் கிடைக்கும். வேலை ஓரிடத்தில் இருந்தாலும் வீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள முடியும். நான் பிறந்து வளர்ந்தது பாலக்கோட்டுப் பக்கம், வேலைக்காக இருந்தது ஓசூரில். இரண்டு பக்கமும் குடியிருந்து பார்த்ததில் தெரிந்ததைப் புதிதாக வருகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஊரின் உயரத்தைப் பாருங்கள்

மாவட்டத்தின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் ஓசூரும் அதில்தான், ஊத்தங்கரையும் அதில்தான். இரண்டு ஊருக்கும் தட்பவெப்பத்தில் ஒட்டே இல்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 1965இல் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது, இதெல்லாம் நிர்வாகக் கணக்கு. அதற்கு வெகுகாலம் முன்பு, எல்லாம் ஒன்றாகப் பழைய சேலம் மாவட்டமாக இருந்தபோது, இந்த நிலத்தைப் பாலகாட், பாராமகால், தலகாட் என்று மூன்றாகப் பிரித்துத்தான் பேசினார்கள். ஓசூர்ப் பக்கம் மேல்தளம், கிருஷ்ணகிரியும் தருமபுரியும் நடுத்தளம், சேலம் பக்கம் கீழ்த்தளம். வீடு தேடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அந்தப் பழைய பிரிவுதான் உதவும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் அதே மேட்டுநிலத்தில் உள்ளவை. கிருஷ்ணகிரி நகரம் 500 மீட்டரைச் சற்றுத் தாண்டும், தருமபுரி அதற்கும் கொஞ்சம் கீழே. அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இன்னும் இறங்கிவிடும். 1000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் ஓசூருக்கும் தருமபுரிக்கும் நடுவே இரண்டரை டிகிரி வித்தியாசம் வருகிறது. காகிதத்தில் அற்பமாகத் தெரியும். சித்திரை மாத ராத்திரியில் மின்விசிறி ஒன்றே போதுமா, அதற்கு மேல் ஏதாவது வேண்டுமா என்பதை அந்த இரண்டரை டிகிரிதான் முடிவு செய்யும்.

உயரத்தோடு மேகமும் சேரும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக் காற்று ஓசூர் மேட்டில் நாள் முழுக்க மேகமூட்டத்தையும் சாரலையும் கொண்டுவரும். பெங்களூரில் இருந்தவர்களுக்கு அது பழகிய வானிலை. அதே நாட்களில் கீழே தருமபுரியில் காற்று பலமாக அடிக்கும், ஆனால் வெயிலும் இருக்கும்.

இதை உடம்பாலேயே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றம் முடிந்து சூளகிரி வருவதற்குள் காற்று மாறுவது முகத்தில் தெரியும். ரயிலில் என்றால் சேலம் - பெங்களூர் பாதை. தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, ஓசூர் என்று படிப்படியாக ஏறிப் போகும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது, அதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அந்த ஊரில் என்ன பயிர் என்று பாருங்கள்

செல்போனில் காட்டும் வெப்பநிலையைவிட வயல் சரியாகச் சொல்லும். பசுமைக்குடிலில் ரோஜாவும், திறந்த வயலில் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் செழிப்பாக நின்றால் அது குளிர்ந்த மேட்டுநிலம். தளி, கெலமங்கலம், ஓசூர் சுற்று வட்டாரம் முழுக்க அப்படித்தான். காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி, சந்தூர் என்று வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மாந்தோப்பு. மா காய்க்க நல்ல வெயில் வேண்டும். நெல், மஞ்சள், மரவள்ளி என்று அரூர் பக்கம் போனால் இன்னும் கதகதப்பு. தக்காளி விளையும் இராயக்கோட்டை, பாலக்கோடு இரண்டுக்கும் இடைப்பட்டவை.

வீடு பார்க்கப் போகிற ஊரில் பட்டுப்புழு வளர்க்கிறவர் யாராவது இருந்தால் அவரிடம் கட்டாயம் பேசுங்கள். மல்பெரித் தோட்டம் இந்த இரண்டு மாவட்டத்திலும் நிறைய. தருமபுரியில் அரசின் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. புழுவுக்கு 24 முதல் 28 டிகிரிவரை இருக்க வேண்டும். அதனால் புழு மனையில் வெப்பமானி ஒன்று தொங்கும், காலையும் மாலையும் அதைப் பார்ப்பார்கள். கோடையில் எத்தனை நாள் ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டார், மார்கழியில் எத்தனை ராத்திரி உள்ளே சூடு வைக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். அந்த ஊரின் தட்பவெப்பத்தை இவ்வளவு நுணுக்கமாக வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். "அண்ணா, இங்க ராத்திரி காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார்.

மூன்றாம் படி: வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள்

எனக்குக் குளிர்தான் பிடிக்கும், எனக்கு வெயில்தான் பிடிக்கும் என்று குடும்பத்தில் ஒருவர் சொல்வதை வைத்து எல்லோரையும் கூட்டிப் போகக்கூடாது. பிடிப்பது வேறு, உடம்புக்கு ஆவது வேறு.

மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு ஓசூர் மார்கழி கஷ்டம். காலையில் எழுந்ததும் விரலும் முட்டியும் மடங்கவே நேரமாகும். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் கூடுவதும் உண்டு. அதனால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இடம் மாறிய முதல் குளிர்காலத்தில் ஒருமுறை அளந்து பார்த்து மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு விடியற்காலைக் குளிர்காற்றே மூச்சிறைப்பைக் கிளப்பிவிடும். தைராய்டு குறைவாகச் சுரக்கிறவர்களுக்கு மற்றவர்களைவிடக் குளிர் அதிகமாகத் தெரியும். வீட்டில் ஒருவர் மட்டும் போர்வையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.

வெயிலிலும் இதே மாதிரி பார்க்க வேண்டும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரைச் சித்திரை வெயில் சீக்கிரம் வாட்டிவிடும். வெளியில் நின்று வேலை செய்கிறவர் என்றால், உதாரணமாகக் கட்டட மேற்பார்வை, டெலிவரி, வயல் வேலை, தருமபுரியில் மார்ச் முதல் மே வரை வேலை நேரத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். தருமபுரி வெயில் கடற்கரை வெயில் மாதிரி பிசுபிசுக்காது. காற்றில் ஈரம் குறைவு, வியர்வை உடனே காய்ந்துவிடும், பொழுது சாய்ந்ததும் சூடும் சீக்கிரம் இறங்கும். ஆனால் வியர்ப்பதே தெரியாததால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும்.

நான்காம் படி: உங்களுக்கு ஆகாத மாதத்தில் வந்து தங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். பெரும்பாலானவர்கள் வீடு பார்க்க வருவது ஜூனில், பள்ளி திறக்கும் சமயத்தில். அப்போது ஓசூர் சொர்க்கமாக இருக்கும், கோடை மழை நனைத்துவிட்ட தருமபுரியும் சுமாராக இருக்கும். அல்லது பிப்ரவரியில் வருவார்கள். பிப்ரவரியில் இங்கே எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

வெயிலுக்குப் பயப்படுகிறவர் தருமபுரியையோ கிருஷ்ணகிரியையோ ஏப்ரல் பின்பாதியில் வந்து பாருங்கள். கத்திரி வெயில் என்று நாம் சொல்வது மே 4 முதல் 28 வரை. ஆனால் இந்தப் பக்கம் மே மாதத்தில் சாயங்காலம் இடியும் மின்னலுமாக மழை கொட்டிச் சூட்டை இறக்கிவிடுவது வழக்கம். அதற்கு முன்னால், மழையே இல்லாத ஏப்ரல் கடைசிதான் உண்மையான சோதனை. பகலில் 38 டிகிரியைத் தொடும், சில வருடம் தாண்டும். ஓசூரிலும் அந்த நாட்களில் 35ஐ ஒட்டி வரும். ஓசூருக்குப் போனால் கோடையே இருக்காது என்று எதிர்பார்த்து வராதீர்கள். ஊர் வளர்ந்து கட்டடம் பெருகியதில் பகல் வெயில் அங்கேயும் சுடத்தான் செய்கிறது. ராத்திரி மட்டும் மேட்டுநிலம் தன் குணத்தைக் காட்டும்.

குளிருக்குப் பயப்படுகிறவர் டிசம்பர் கடைசி, ஜனவரி முதலில் ஓசூரிலோ தளியிலோ தங்கிப் பாருங்கள். விடியற்காலை 15 டிகிரிக்குக் கீழே போகும். இமயமலைக் குளிர் இல்லைதான். ஆனால் நம் வீடுகளில் சூடேற்றும் வசதி ஒன்றும் கிடையாது. கல் தரையும் சிமெண்ட் சுவரும் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். வெளியே எவ்வளவு குளிரோ கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளேயும் இருக்கும்.

மார்கழி ஒத்துக்கொண்டது என்பதற்காக ஆடியைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். மார்கழியில் காலை பத்து மணிக்கு மேல் நல்ல வெயில் வந்துவிடும். ஆடியில் சில நாள் சூரியனே தெரியாது. துவைத்த துணி காயாது, சுவர் ஜில்லென்று இருக்கும், மனதும் கொஞ்சம் மந்தமாகும். வெயிலில் வளர்ந்தவர்கள் பலர் ஓசூரில் சலித்துக்கொள்வது டிசம்பரைப் பற்றி அல்ல, ஜூலையைப் பற்றித்தான்.

தங்கிப் பார்ப்பது என்றால் லாட்ஜில் ஏ.சி. போட்டுப் படுப்பது இல்லை. சொந்தக்காரர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ சாதாரணமாக இருந்து பாருங்கள். நடு ராத்திரியில் எழுந்தீர்களா, காலையில் எழுந்ததும் தொண்டை எப்படி இருக்கிறது, மத்தியானம் சாப்பிட்ட பிறகு வேலை ஓடுகிறதா, குழந்தை விளையாடப் போகிறதா என்று கவனியுங்கள்.

ஐந்தாம் படி: ஊரைவிட வீட்டை உற்றுப் பாருங்கள்

நல்ல வீடு அமைந்தால் அரூர் வெயிலையும் தாங்கலாம். வீடு சரியில்லை என்றால் ஓசூரிலும் வேகலாம்.

வெயில் ஊரில் வீடு பார்க்க காலையில் போகாதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போங்கள். மேற்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொழுது இறங்கிய பிறகும் சுவர் சூடாக இருந்தால் அது ராத்திரி பதினொரு மணிவரை அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரை ஒட்டிப் படுக்கையறை இருந்தால் வேறு வீடு பாருங்கள். அப்புறம் குழாயைத் திறந்து பாருங்கள். மொட்டைமாடியில் இருக்கும் கறுப்பு டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வந்தால் டேங்க்குக்கு நிழல் இல்லை என்று அர்த்தம். தென்னங்கீற்றிலோ பச்சை வலையிலோ ஒரு பந்தல் போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

மேல்மாடி வீடு வாடகை குறைவாகக் கிடைக்கும். காரணம் மொட்டைமாடிச் சூடு நேராகத் தலைமேல் இறங்குவதுதான். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டியிருந்தால், அல்லது வருடா வருடம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் நன்றாகவே குறையும். "அக்கா, கோடைக்கு முன்னாடி மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கலாமா? கூலி நாங்க பார்த்துக்கறோம்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் குறைவு. சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டை மட்டும் இங்கே எடுக்கவே கூடாது. பழைய நாட்டு ஓட்டு வீடு கிடைத்தால் பழுது பார்த்துக் கொடுப்பார்களா என்று விசாரித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான கூரையும் ஓட்டின் இடைவெளியும் சூட்டை மேலே போகவிடும்.

கிருஷ்ணகிரி நகரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகல் முழுக்கக் காய்ந்த பாறை ராத்திரியில்தான் சூட்டை விடும். மலையடிவாரத்தை ஒட்டிய தெருக்களில் காற்று நின்றுபோனால் புழுக்கம் அதிகம். அணைப் பக்கமும், மாந்தோப்புகளை ஒட்டியும் பார்ப்பது நல்லது.

மேட்டுநிலத்தில் வீடு பார்க்கும்போது எல்லாம் தலைகீழ். இங்கே கிழக்கு வெயில் வீட்டுக்குள் வர வேண்டும். காலை எட்டு மணிக்குப் போய், வெயில் எந்த அறைவரை வருகிறது என்று பாருங்கள். வடக்குச் சுவரில் பீரோ இருந்தால் அதன் பின்புறத்தை எட்டிப் பாருங்கள். கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஆடி மாதத்தில் அந்த அறையில் ஈரம் ஏறுகிறது என்று பொருள். ஆஸ்துமா உள்ளவர் அங்கே படுக்கக்கூடாது. புதுப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள், அதனால் அலமாரிக்குள் தலையை விட்டு வாசனை பாருங்கள். துணி காயப்போட மழை படாத, காற்று வருகிற இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தரை கிரானைட் என்றால், இந்த மாவட்டத்துக் கல் அழகாக இருக்கும், கோடையில் சுகமாகவும் இருக்கும். மார்கழியில் பெரியவர்கள் அதில் வெறுங்காலோடு நடக்க முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கோரைப்பாயோ ஜமுக்காளமோ விரித்து வையுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர்

வெயிலோ குளிரோ, தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது குடிநீருக்கான வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், பல வருடம் குடித்தால் எலும்பும் பாதிக்கும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

வீடு பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். காவிரித் தண்ணீர் இந்தத் தெருவுக்கு வருகிறதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை? கோடையில் போர் வற்றுமா? போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் அளவு கூடத்தான் செய்யும். வெயில் ஊரில் நாம் குடிக்கும் தண்ணீரே அதிகம் என்பதால், அங்கே இருக்கப் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காவிரித் தண்ணீரைப் பிடித்துவைத்துக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துங்கள், போர் தண்ணீரைக் குளிக்கத் துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: சமையலறையை ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் அன்றாடம் படுத்துவது இதுதான். தருமபுரியில் சித்திரை மாதம் சாயங்காலம் அரைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு அரைத்து, உப்பைக் காலையில் போட்டுக் கலந்துகொள்ளலாம், அல்லது பொங்கத் தொடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். அதே மாவு ஓசூரில் மார்கழியில் காலைவரை அசையாமல் கிடக்கும். மத்தியானமே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தை ஒரு கம்பளியில் சுற்றி அடுப்பு மேடை ஓரமாக வைக்க வேண்டும். வெந்தயம் கொஞ்சம் கூடப் போட்டு அரைத்தால் பொங்குவதற்கு உதவும். தயிருக்கும் இதே கதைதான். பாலைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, உறைமோரை ஒரு கரண்டி கூடவே விட்டு, அரிசி டப்பாவுக்குள் இறக்கி வைத்தால் உறையும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். ஓசூரில் குளிர்காலம் முழுக்கப் பாட்டிலில் வெள்ளையாகக் கெட்டியாக நிற்கும். வாயகன்ற டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டால் விரலால் வழித்து எடுக்கலாம். தோல் வெடிக்கும் ஊர் என்பதால் எண்ணெய் தினமும் வேண்டும்.

வடகம், வற்றல், மிளகாய், மாங்காய் எல்லாம் காயவைத்து வருடத்துக்குச் சேமிக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால் கீழ்ப்பக்கம்தான் தோது. என் மனது தருமபுரி வெயில் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பங்குனியில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்த வடகம் இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்து துணியை விட்டு உரிந்து வரும். ராத்திரி அதே மாடியில் பாயைப் போட்டுப் படுத்தால் நடுச்சாமத்துக்கு மேல் போர்வை தேடும் அளவுக்குக் காற்று வரும். இந்த சுகத்தை ஓசூர் எனக்குக் கொடுக்கவில்லை. ஓசூர் கொடுத்தது வேறு: மே மாதத்திலும் மத்தியானம் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்க்க முடிந்தது.

சாப்பாட்டில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது கேழ்வரகு. கோடையில் அதையே கூழாகக் கரைத்து மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு குடிப்பார்கள். குளிரில் சுடச்சுடக் களி கிண்டிக் கொள்ளு ரசமோ கீரைக் கடைசலோ ஊற்றிச் சாப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்களும் அப்படியே பழகிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: கரண்ட் பில்லைக் கணக்குப் போடுங்கள்

குளிர் ஊரில் செலவு கீஸரில், வெயில் ஊரில் ஏ.சி.யில். 2 கிலோவாட் கீஸர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். நாலு பேர் வீட்டில் தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்து, ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை வீடுகளுக்கு இலவசமாகத் தருகிறது. ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடும். அதனால் ஏ.சி.யை மட்டும் நம்பித் தருமபுரிக்கு வராதீர்கள்.

இங்கே காற்று வறண்டது என்பதால் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரே நன்றாக வேலை செய்யும், செலவும் மிகக் குறைவு. ஜன்னலைத் திறந்துவைத்து ஓடவிட வேண்டும். கோடை மழை வந்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு அதன் பலன் குறையும். ஓசூரில் சோலார் ஹீட்டர் உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் ஆடி மேகமூட்டத்தில் அது கைகொடுக்காது, மாற்று ஏற்பாடு ஒன்று வேண்டும்.

பொதுவாக வாடகையும் அட்வான்ஸும் தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் கூடுதல். அந்த வித்தியாசத்தையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: போக்குவரத்தும் வேலை நேரமும்

ஓசூரில் காலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள் டூவீலரில் போனால் ஜாக்கெட், கையுறை, காதை மூடும் குல்லா மூன்றும் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருவது தெரியாது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி இன்னும் மறைக்கும், லோ பீமில் மெதுவாகப் போங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, சானமாவு பக்கம் குளிரும் பசுமையும் பிடித்துப் போய் ஊருக்கு வெளியே வீடு எடுக்கிறவர்கள் யானையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கேழ்வரகு விளைந்து நிற்கும் குளிர்காலத்தில் கூட்டமாக வயலுக்கு வரும். அந்த நாட்களில் விடியற்காலை நடைப்பயிற்சி வேண்டாம். வனத்துறை எச்சரிக்கை விட்டால் அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு வீட்டிலேயே இருங்கள்.

வத்தல்மலை போன்ற மலை ஊர்கள் காப்பி விளையும் அளவுக்குக் குளிர்ந்தவை. பார்த்துவிட்டு வர அருமை. பள்ளி செல்லும் பிள்ளையும் மருத்துவமனை தேவைப்படும் பெரியவரும் உள்ள குடும்பம் அங்கே நிரந்தரமாகத் தங்குவது எளிதில்லை.

வீட்டில் பாதிப் பேருக்குக் குளிர் ஆகும், பாதிப் பேருக்கு ஆகாது என்றால் இராயக்கோட்டை, சூளகிரி பக்கம் பாருங்கள். நடுத்தரமான உயரம். ஓசூருக்கும் கீழே இறங்கவும் பஸ் இருக்கிறது. இராயக்கோட்டை என்றால் ரயிலும் உண்டு. பெரிய ஊரின் வசதிகள் எல்லாம் கிடைக்காது, ஆனால் வாழ்வதற்கு இதமான இடங்கள்.

பத்தாம் படி: வந்த பிறகு உடம்புக்கு நேரம் கொடுங்கள்

புதிய வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை பகல் பதினொன்றிலிருந்து நாலுவரை வெளிவேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மோரும் உப்புப் போட்ட கஞ்சியும் நிறையக் குடியுங்கள். வெயிலில் இருந்தவருக்குத் தலைசுற்றி, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

குளிர் ஊருக்கு வந்த குழந்தைகளுக்கு முதல் சில வாரம் சளி பிடிப்பது சகஜம். குளியலை மத்தியான வெயிலுக்கு மாற்றி, தலையை நன்றாகத் துவட்டிவிடுங்கள். கம்பளி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்த அன்றே போடாமல் வெயிலில் உதறிக் காயவைத்துப் போடுங்கள், அதில் தங்கும் தூசியே பாதித் தும்மலுக்குக் காரணம். ராத்திரி ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துச் சூடு காய்வது உயிருக்கே ஆபத்து, அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

முதல் வருடத்துக்கு வாடகை வீடே போதும். மனை வாங்குவது, போக்கியத்துக்கு எடுப்பது எல்லாவற்றையும் ஒரு சித்திரை, ஒரு ஆடி, ஒரு மார்கழி மூன்றும் அந்த ஊரில் கழிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் போடும்போதும் பதினொரு மாதத்துக்குப் போட்டு, இரண்டு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.